ஏழு மணிக்கு உள்ளே, மூன்று மணிக்கு வெளியே

அத்தியாயம் நான்கு

வயாதோலித்திலிருந்து பத்தே முக்காலுக்குக் கிளம்பினோம். சரியாக ஒரு மணி நேர ஓட்டம். சான் எவரிஸ்தோவில் காரை நிறுத்தியபோது என் போனில் மணி பன்னிரண்டே முக்கால்.

“ரெண்டு மணி நேரக் கூலி ஆச்சு, டோன்யா,” என்றேன்.

பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு வந்த டோன்யா எர்மீலா காவிச் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். “ஒண்ணு.”

“கடிகாரத்தைப் பாருங்க.”

“வழியில மாநிலம் மாறிச்சு, வில்பெர்த். இந்தப் பக்கம் கன்கூன் மணி, ஒரு மணி நேரம் முன்னால ஓடும். அது ஹோட்டல்காரங்களுக்காக கவர்மென்ட் பண்ணின ஏற்பாடு. உனக்காகப் பண்ணல.”

“சரி, திரும்பிப் போறப்ப?”

“அஞ்சுக்குக் கிளம்பினா அஞ்சுக்கே வீட்டுல இருப்போம். கூலி சைபர்.”

“அதாவது வர்றப்ப கடிகாரத்தைப் பாக்கக் கூடாது, போறப்ப மட்டும் பாக்கணும்.”

“புரிஞ்சுக்கிட்ட. இறங்கு.”

நான் வில்பெர்த் பூத். மூன்று வருஷம் முன்பு வரை கொம்பி வேன் ஓட்டினேன். இப்போது துப்பறியும் உதவியாளன், மணிக்கு நாற்பத்தைந்து பேசோ. டோன்யா என்று எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடும் இந்த அம்மாள் இருபத்தேழு வருஷம் தொழிலாளர் இன்ஸ்பெக்டராக இருந்து, யுகத்தான் முழுக்க முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன மறுநாளே ஒரு செருப்புக் கடைக்கு மேல் அறை பிடித்து ‘காவிச் விசாரணை நிலையம்’ என்று போர்டு மாட்டிவிட்டார். அடுத்தவர் கூலி என்றால் சிங்கம். என் கூலி என்றால் அவரே முதலாளி.

சான் எவரிஸ்தோவின் நடுவில் மாநில எல்லைக் கோடு போகிறது. யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. கிழக்கே வேலைக்குப் போனால் கன்கூன் மணி, மேற்கே வீட்டுக்கு வந்தால் பழைய மணி. பழைய மணிக்கு எங்கள் பக்கத்தில் கடவுள் மணி என்று பெயர். ஒன்று கூட்டுவதும் ஒன்று கழிப்பதும் எங்களுக்குப் பழகிப்போன விஷயம், யாரும் யோசித்துச் செய்வதில்லை.

கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது லா எஸ்பூமா சலவை ஆலை. கன்கூன் ஹோட்டல்களின் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வெளுக்கிறது. அதன் முன்வாசலுக்கு எதிரே சோய்லா அம்மாவின் சாப்பாட்டுக் கடையில் எங்களுக்காக ஒருத்தி காத்திருந்தாள். நிடியா உக். இருபத்தொன்பது வயது, சட்டைப் பையில் சிவப்புப் பேனா, மடியில் பிளாஸ்டிக் அட்டை போட்ட நோட்டு. டிரையர் பகுதியில் துணி எண்ணுவதும், ஆட்களின் வேலை நேரத்தை எழுதிக் கூட்டுவதும் அவள் வேலை.

“மூணு மணிக்கு முதலாளி வர்றார், டோன்யா,” என்றாள். “அதுக்குள்ள இதுல கையெழுத்துப் போடணுமாம்.”

காகிதத்தை நான் எட்டிப் படித்தேன். ஆளுக்கு இருபது பேசோ வாங்கிக்கொண்டு, செய்யாத வேலைக்கு ஓவர்டைம் எழுதினேன், தவறை ஒப்புக்கொண்டு விலகுகிறேன் என்று அழகாக டைப் அடித்திருந்தது.

“போடலைன்னா?”

“போலீஸ்னு சொல்றார் எங்க மேனேஜர், எஞ்சினியர் அங்கோனா. போட்டா வெறும் வேலையோட போகும்ங்கிறார். வெறும் வேலையா? இங்க வேலை செய்றவங்க எல்லாரும் எனக்குச் சொந்தக்காரங்க. அவங்ககிட்டயே காசு வாங்கினேன்னு கையெழுத்துப் போட்டுட்டு, நாளைக்கு எந்த வீட்டுக் கல்யாணத்துல போய் உக்காருவேன்?”

“வாங்கினியாம்மா?” என்று கேட்டார் டோன்யா.

“ஒரு பேசோகூட வாங்கல.”

“ஓவர்டைம் எழுதினது?”

“அது எழுதினேன்.”

நோட்டைத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே விரல் வைக்கும் மெஷின் சொன்ன நேரம்: உள்ளே ஏழு, வெளியே மூன்று, மொத்தம் எட்டு. எட்டை அடித்து, பக்கத்தில் சிவப்பில் ஒன்பது. முப்பத்தொரு பேர், எட்டு வாரம், ஒரு நாள் விடாமல்.

“மெஷின் எட்டுங்குது. நீ எதை வெச்சு ஒம்பதுன்ன?”

“துணியை வெச்சு,” என்றாள் நிடியா. “டிரையர்ல ஒரு ஈடு துணி காய நாப்பது நிமிஷம். எட்டு மணி நேரத்துக்குப் பன்னெண்டு ஈடு. இத்தனை வருஷமா பன்னெண்டுதான். ஈஸ்டர் முடிஞ்சதுலேர்ந்து தினமும் பதிமூணரை எண்றேன். டிரையரை யாரும் வேகமாக்கல. அப்ப ஒம்பது மணி நேரம் ஓடியிருக்கணும். அந்த ஒரு மணி எங்க போகுதுன்னு எனக்குத் தெரியல. எஞ்சினியர்கிட்ட மூணு தடவை சொன்னேன். மெஷின் சொல்றதை எழுதுன்னார். கை வரல. போன வாரம் நோட்டை போட்டோ எடுத்து நேரா முதலாளிக்கே அனுப்பிட்டேன், அதான் இப்படி ஆயிடுச்சு.”

“வேலை செய்றவங்களுக்குத் தெரியலையா?”

“அலுப்பா இருக்குங்கிறாங்க. சீசன் வேலைன்னு நெனச்சுக்கிறாங்க. வீட்டுக்குப் போனா சுவர்க் கடிகாரம் மூணேகால் காட்டுது. எல்லாம் சரியாத்தானே இருக்கு.”

அப்போது என் போன் அலறியது. ஒரு மணி. தினமும் ஒரு மணிக்கு சாப்பாட்டு மணி அடிக்கும்படி வைத்திருக்கிறேன். டோன்யாவிடம் வேலை செய்தால் இதையெல்லாம் மெஷின்தான் ஞாபகப்படுத்த வேண்டும். திங்கட்கிழமை ஆகையால் வேறு யோசனைக்கு இடமில்லை, பன்றிக்கறி போட்ட பீன்ஸ். சோய்லா அம்மா மூன்று தட்டு கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“நல்லா சாப்பிடு ராசா. நீயாவது சாப்பிடு. ஈஸ்டருக்கு அப்புறம் எனக்கு வியாபாரமே இல்ல. வெளிய போறப்ப விரல் வைக்கிற மெஷினைப் பின்வாசலுக்கு மாத்திட்டாங்க, சாயங்காலக் கூட்டம் மொத்தமும் பின்னாடியே போயிடுது. இருந்த ஒருத்தன் ஒவிதியோ, அவனும் வர்றதில்ல.”

“யாரு ஒவிதியோ?”

“பாய்லர்க்காரன். எஞ்சினியர் பொண்டாட்டியோட தம்பி. அதோ நீல கேட் போட்ட வீடு.” கடைக்கு அடுத்த வீடுதான். “முன்னெல்லாம் காலையில எங்கிட்ட ரெண்டு தோர்த்தா வாங்கிக் கடிச்சுக்கிட்டே ரோட்டைத் தாண்டி உள்ள போவான். இப்ப வேலியை ஒட்டி சுத்திப் பின்வாசலுக்குப் போறான். டாக்டர் நடக்கச் சொன்னாராம்.”

“காலங்காத்தால எழுந்து நடக்கிறான், பாவம்,” என்றேன்.

“எங்க எழுந்தான்? தொழிலாளிங்க பஸ் வர்ற அதே ஏழு மணிக்குத்தான் கதவையே திறக்கிறான். சாயங்காலம் நாலுக்கு முன்வாசல் வழியா நேரா வீடு.”

“அப்ப டாக்டர் பாதி வைத்தியம்தான் எழுதிக் கொடுத்திருக்கார்.”

சோய்லா அம்மா சிரித்தார். நானும் என் ஜோக்கை ரசித்துச் சிரித்தேன். டோன்யா சிரிக்கவில்லை. நீல கேட்டைப் பார்த்தார், எதிரே ஆலையின் முன்வாசலைப் பார்த்தார், பிறகு என் தட்டிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஆலை மேனேஜர் ரோமுலோ அங்கோனா முன்வாசலிலேயே எங்களை வரவேற்றார். எஞ்சினியர் என்று கூப்பிடாவிட்டால் அவருக்குக் காது கேட்காது. வெள்ளைச் சட்டை, வாசனை போட்ட கைக்குட்டை, கன்கூன் சிரிப்பு.

“டோன்யா எர்மீலா. உங்களைப் பத்தி நிறைய கேள்விப்பட்டிருக்கேன்.”

“நல்லதா இருக்காது.”

“தாராளமா சுத்திப் பாருங்க. எங்ககிட்ட மறைக்க ஒண்ணும் இல்ல. எட்டு வார வருகைப் பட்டியல் இதோ. மெஷின் பதிவு, மனுஷக் கை படல.” காகிதக் கட்டு ஒன்றைப் பெருமையாக நீட்டினார். “அந்தப் பொண்ணு எழுதினதை ஒத்துக்கிட்டா வாரத்துக்கு ஆறு மணி, முப்பத்தொரு பேருக்கு, டபுள் கூலி. ஆலையை வித்துத்தான் கொடுக்கணும்.”

“வாரத்துக்கு மொதல் ஒம்பது மணி நேரம் டபுள்,” என்றார் டோன்யா. “தாண்டினா டிரிபிள். மறந்துடாதீங்க.”

“அது எங்களுக்கு வராது,” என்றார் எஞ்சினியர்.

முன்வாசல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் நிறைய போன்கள். துணிக்குள் விழுந்துவிடும் என்று ஈஸ்டருக்குப் பிறகு வந்த சட்டமாம். அதை ஒட்டியே பாய்லர் அறை. உள்ளே நுழைந்து பத்து அடி வைத்தால் பாய்லர். அதற்கப்பால் வெந்நீரும் சோப்பும் ஆவியுமாக நீண்ட கொட்டகை. நடுச் சுவரில் வட்டமாக ஒரு வெளுத்த அடையாளம், ஆணியும் இருந்தது.

“இங்க என்ன இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“கடிகாரம். பேட்டரி தீர்ந்து போச்சு.”

“இங்க பேட்டரி தீர்ந்தா கடிகாரத்தையே கழட்டிடுவீங்களா? எங்க டோன்யாகிட்ட சொல்லாதீங்க, காரை வித்துடுவாங்க. அதுல பெட்ரோல் இல்ல.”

எஞ்சினியர் சிரிக்காமல் தன் அறைக்குப் போய்விட்டார். நாங்கள் துணி மூட்டைகளுக்கு நடுவே நெளிந்து பின்வாசலுக்கு வந்தோம். டோன்யா ஒரு கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து, பூசணி விதை கொறித்துக்கொண்டே எட்டு வாரப் பட்டியலை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நான் சுவரில் சாய்ந்து, தலைக்கு மேலிருந்த இரண்டாவது மெஷினை முறைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குத் தூக்கம் வந்தது, நிடியாவை நினைத்தால் பயமாகவும் இருந்தது. நல்ல பெண். அவள் கையில் பதிமூன்றரை ஈடு துணியைத் தவிர வேறு சாட்சியே இல்லை.

என் போன் அலறியது.

“என்னது?” என்றார் டோன்யா.

“சாப்பாட்டு மணி. ஒரு மணி ஆச்சு.”

“இப்பத்தானே சாப்பிட்ட.”

“அதான். ஒரு மணிக்குத்தானே சாப்பிட்டேன்.”

போனைப் பார்த்தேன். ஒரு மணிதான். டோன்யா வாயிலிருந்த விதையைத் துப்பினார். அவர் விதையைப் பாதியில் துப்புவது வருஷத்துக்கு இரண்டு தடவைதான் நடக்கும்.

“எழுந்திரு. முன்வாசலுக்கு நட. போனைப் பாத்துக்கிட்டே நட.”

நடந்தேன். துவைக்கும் மெஷின்களைத் தாண்டியதும் போனில் ஒன்று மூன்று என்றிருந்தது கண் முன்னாலேயே இரண்டு மூன்று ஆனது. திரும்பி வந்தேன். டிரையர்களைத் தாண்டியதும் ஒன்று நாலு. மறுபடி போனேன், இரண்டு ஐந்து. மறுபடி வந்தேன். மாநிலக் கோடு கொட்டகைக்கு நடுவில்தான் ஓடுகிறது. துணி ஒரு மாநிலத்தில் நனைந்து அடுத்த மாநிலத்தில் காய்கிறது. முன்பக்கம் கன்கூன் செல்போன் டவர், பின்பக்கம் எங்கள் பக்கத்து மெரிதா டவர்.

“டோன்யா, இப்படியே பின்பக்கமா நடந்துக்கிட்டே இருந்தா எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது,” என்றேன். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“மெஷினைப் பாரு.”

பின்வாசல் மெஷின், ஒன்று ஆறு. முன்வாசலில் அது இரண்டு ஆறாக இருந்திருக்கும்.

“காலையில முன்வாசல்ல விரல் வைக்கிறாங்க,” என்றார் டோன்யா. “ஏழு, கன்கூன் மணி. சாயங்காலம் பின்வாசல்ல வைக்கிறாங்க. மூணு, கடவுள் மணி. இடையில ஓடினது ஒம்பது மணி நேரம், கணக்குல எட்டு. வீட்டுக்குப் போனா வீட்டுக் கடிகாரமும் பின்வாசல் மெஷினும் ஒரே மணியைக் காட்டுது. யாருக்குச் சந்தேகம் வரும்? காலையில ஒண்ணு கூட்டிக்கிட்டு வர்றாங்க, சாயங்காலம் ஒண்ணு கழிக்கிறதை அவங்களுக்குப் பதிலா மெஷினே கழிச்சுடுது. பழக்கத்துலயே ஏமாந்துட்டாங்க.”

“நீங்க என் கூலியில பண்ற அதே கணக்கு.”

“வாயை மூடு,” என்றார். ஆனால் முகம் ஒரு மாதிரி ஆனது.

“அப்ப கேஸ் முடிஞ்சது. நிடியாகிட்ட சொல்லிடவா?”

“இரு. எங்க போச்சுன்னு கண்டுபிடிச்சாச்சு. யார் எடுத்தான்னு கண்டுபிடிக்கல.”

மூன்று மணிக்கு முதலாளி டோன் எமெத்தேரியோ சோசா வந்தார். பருத்த மனிதர், அவசரக்காரர், ஐந்து மணிக்குக் கன்கூனில் மீட்டிங் என்று உட்காரும்போதே சொன்னார். மாடியில் இருந்த மேனேஜர் அறையில் நாங்கள் ஐந்து பேர். மேஜை மேல் நிடியாவின் ராஜினாமா, பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. நிடியாவின் கண் அந்தப் பேனாவை விட்டு நகரவில்லை.

டோன்யா இரண்டு கடிகாரக் கதையை இரண்டே நிமிஷத்தில் சொன்னார். நான் போனோடு ஒரு தடவை ஓடிக் காட்டினேன். டோன் எமெத்தேரியோ வாயைப் பிளந்தார். நான் எஞ்சினியரின் முகம் வெளுக்கும் என்று காத்திருந்தேன்.

எஞ்சினியர் கைதட்டினார்.

“அபாரம், டோன்யா. இத்தனை நாள் இது எங்க கண்ணுல படாம போச்சே. மெஷின் தானா டவர்லேர்ந்து மணி எடுத்துக்குது. சாயங்காலம் பஸ் பின்னாடி நிக்குதுன்னு ஒரு மெஷினைப் பின்னாடி மாத்தினோம், அவ்வளவுதான். யார் தப்பும் இல்ல. டவர் தப்பு.”

“டவர் தப்பு,” என்றார் டோன் எமெத்தேரியோ, பெரிய நிம்மதியோடு. “டவர் மேல கேஸ் போட முடியாது. நாளைலேர்ந்து சரி பண்ணிடலாம். நடந்தது நடந்து போச்சு.”

“போலீஸ் வேணாம்னு நானே சொல்றேன்,” என்றார் எஞ்சினியர். “ஆனா அனுமதி இல்லாம பதிவேட்டைத் திருத்தினது திருத்தினதுதான். ராஜினாமா மட்டும் போட்டுடட்டும்.”

நாங்கள் பாடுபட்டுக் கண்டுபிடித்ததை அந்த ஆள் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். நிடியா மெதுவாக, “அப்ப எட்டு வாரம்?” என்றாள்.

“சரி, டவர் தப்பு,” என்றார் டோன்யா. “ஒரே ஒரு சந்தேகம். பட்டியல்ல முப்பத்திரண்டு பேர். முப்பத்தொரு பேருக்கு டவர் ஒரு மணியை எடுத்துக்கிச்சு. ஒருத்தருக்கு மட்டும் டவர் ஒரு மணி கூடவே கொடுத்திருக்கு. வாரத்துக்குப் பன்னெண்டு மணி ஓவர்டைம். ஒம்பது டபுள், மூணு டிரிபிள்.”

“அது பாய்லர்,” என்றார் எஞ்சினியர் சட்டென்று. “பாய்லரை ஒரு மணி முன்னாடியே பத்த வைக்கணும்.”

“காலையில ஆறுக்கு வர்றார், சாயங்காலம் நாலுக்குப் போறார். பத்து மணி நேரம். மெஷின் பதிவு, மனுஷக் கை படல. வில்பெர்த், ஒவிதியோவைக் கூட்டிக்கிட்டு வா.”

ஒவிதியோ கரியும் வியர்வையுமாக வந்து நின்றான். டோன்யா ஜன்னல் பக்கம் கை காட்டினார். எதிரே நீல கேட் பளிச்சென்று தெரிந்தது.

“அது உன் வீடா, தம்பி?”

“ஆமா டோன்யா.”

“முன்வாசலுக்கு எத்தனை அடி?”

“நாப்பது இருக்கும்.”

“பாய்லர் முன்வாசலை ஒட்டியே இருக்கு. காலையில எதுக்கு ஆலையை முழுசா சுத்திப் பின்வாசலுக்குப் போற?”

“டாக்டர் நடக்கச் சொன்னார்.”

“சாயங்காலம் வேணாம்னாரா?”

ஒவிதியோ எஞ்சினியரைப் பார்த்தான். எஞ்சினியர் கைக்குட்டையைப் பார்த்தார்.

“நீ வீட்டை விட்டுக் கிளம்புறது பஸ் வர்ற ஏழு மணிக்கு. சோய்லா அம்மா தினமும் பாக்கிறாங்க. ஆனா பின்வாசல் மெஷின்ல அது ஆறு. நீ உழைச்சது எல்லாரையும்போல ஒம்பது மணி, வாங்கினது பத்துக்கு. இதுவும் டவர் தப்புன்னே வெச்சுக்குவோம்.” டோன்யா முதல் தாளை எடுத்து முதலாளி முன் வைத்தார். “ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கிழமை. மெஷினை மாத்தின மொத நாள். அன்னிக்கே இவர் உள்ள வந்தது பின்வாசல்ல, வெளிய போனது முன்வாசல்ல. தெரியாதவனா இருந்தா வாரத்துல ரெண்டு நாளாவது மறந்து, எதிர்ல இருக்கிற வாசல்ல நுழைஞ்சிருப்பான். நாப்பத்தெட்டு நாள், ஒரு நாள்கூட மறக்கல. எந்த வாசல்ல மணி முந்தி, எந்த வாசல்ல பிந்தின்னு மொத நாள் காலையிலேயே இவருக்கு யாரோ சொல்லியிருக்காங்க. அது டவரா?”

முதலாளி தாளை இழுத்து, தேதிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

“நான் வேணாம்னுதான் சொன்னேன்,” என்றான் ஒவிதியோ. “காலையில பின்னாடி, சாயங்காலம் முன்னாடி, மாத்திடாதேன்னு மச்சான்தான் சொன்னார். வேலி ஓரமா முள்ளு, டோன்யா. ரெண்டு செருப்பு போச்சு. சொன்னா, வர்ற காசுல செருப்பு வாங்கிக்கோங்கிறார்.”

“ஒவிதியோ,” என்றார் எஞ்சினியர்.

“என்னத்தை ஒவிதியோ. போலீஸ் வந்தா என்னையும்தானே பிடிப்பான்.”

டோன் எமெத்தேரியோ எஞ்சினியர் பக்கம் மெதுவாகத் திரும்பினார். “பாய்லர் தவிர ஓவர்டைம் சைபர்னு மாசாமாசம் எங்கிட்ட போனஸ் வாங்கினியே, ரோமுலோ.”

அவர் எஞ்சினியர் என்று கூப்பிடவில்லை என்பதை எல்லோரும் கவனித்தோம். ரோமுலோவுக்குக் காது நன்றாகவே கேட்டது. கைக்குட்டையை நாலாக மடித்தார்.

“இப்ப மொத்தம் எவ்வளவு கொடுக்கணும்?” என்றார் முதலாளி, காற்றைப் பார்த்து.

“ஆயிரத்து நானூத்தி எண்பத்தெட்டு மணி,” என்றாள் நிடியா. நோட்டைத் திறக்கக்கூட இல்லை. “மணிக்கு நாப்பது, டபுள்னா எண்பது. ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்து நாப்பது பேசோ.”

“இன்னிக்கு அதுல சேரல,” என்றார் டோன்யா. “ஏழு மணிக்கு வந்தவங்களுக்கு எட்டு மணி நேரம் மூணுக்கே முடிஞ்சது. இப்ப மூணே முக்கால். கீழ ஓடிக்கிட்டிருக்கிறது ஓவர்டைம். நாம பேசப் பேச டபுள்.”

டோன் எமெத்தேரியோ அவ்வளவு பருமனாக இருந்துகொண்டு அவ்வளவு வேகமாக எழுந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. “நிறுத்து. எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லு,” என்றவர், ராஜினாமாக் காகிதத்தை ரோமுலோ பக்கம் தள்ளினார். “இதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் வெள்ளையா இருக்கில்ல, அதுல நீ எழுது.”

நிடியா கீழே இறங்கி மணியை அடித்தாள். அவளைத் தவிர்த்த முப்பது பேரும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போலப் பின்வாசல் பக்கம் திரும்பினார்கள்.

“இன்னிக்கு முன்வாசல்ல விரல் வைங்க,” என்றாள்.

வரிசை முணுமுணுத்துக்கொண்டே திரும்பியது. முன்னால் நின்றது இஸ்திரிப் பகுதி பவுஸ்தா அம்மா, நிடியாவின் சித்தி. “ஏன் சீக்கிரம் விடுறாங்க? இன்னும் மூணு ஆகலையே. கூலியைப் பிடிக்கவா?” என்று கேட்டுக்கொண்டே மெஷினில் விரலை வைத்தார். மெஷின் கீச்சென்றது. மூன்று ஐம்பத்தொன்று.

பவுஸ்தா அம்மா எண்ணைப் பார்த்தார். ஏழிலிருந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். எட்டாவது விரலைத் தாண்டியும் எண்ண வேண்டியிருந்தது. திரும்பவும் எண்ணினார்.

“அப்ப போன வாரம் வரைக்கும்?” என்றார்.

“எழுதி வெச்சிருக்கேன் சித்தி,” என்றாள் நிடியா. “மொத நாள்லேர்ந்து.”

பவுஸ்தா அம்மா அவள் தலையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தார்கள்.

நாங்கள் ஐந்து மணிக்குக் கிளம்பினோம். மாநிலக் கோட்டைத் தாண்டியதும் என் போன் நாலு மணி என்றது. டோன்யா கைப்பையிலிருந்து தன் சின்ன நோட்டை எடுத்து, குலுங்குகிற காரில் கோணலாக எழுதினார். ஓரக்கண்ணால் பார்த்தேன். வில்பெர்த், வரும்போது ஒரு மணி, போகும்போது ஒரு மணி.

“கடிகாரம் சைபர்தானே காட்டும், டோன்யா?”

“கடிகாரம் கிடக்கு. ரோட்டைப் பாத்து ஓட்டு,” என்றார்.